பதினைந்தில் நின்ற முள்

கண்கள் முகத்துக்கு அழகு சேர்க்க மட்டுமே என்று நம்பிக் கார் ஓட்டிய மனிதர் இந்த இலங்கைத் தீவிலேயே ஒருவர்தான். அவர் மடவளை ஊர் முள்ளு நானா. தாய் தகப்பன் வைத்த பெயர் எனக்குத் தெரியாது. அவருக்கே ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம்.

நாவலப்பிட்டிப் பக்கத்துத் தோட்டத் துரை ஒருவர் கழித்துவிட்ட காரை வாங்கி, கண்டியில் வாடகைக்கு ஓட்டினார். வாங்கியபோது அதன் டாஷ்போர்டில் பெற்றோல் காட்டும் ஒரே ஒரு மீட்டர்தான் இருந்ததாம். அதன் தனிமையை நானாவால் தாங்க முடியவில்லை. எண்ணெய்க்கு ஒன்று, தண்ணீரின் சூட்டுக்கு ஒன்று, பாதையின் சரிவைக் காட்ட ஒன்று என்று பலகையைத் துளைத்துத் துளைத்துப் பூட்டினார். தேயிலைத் தொழிற்சாலையில் காற்றின் ஈரம் பார்க்கும் கருவிகூட எங்கிருந்தோ வந்து சேர்ந்தது. மழை வருவதை முன்கூட்டியே சொல்லும் என்றார். அந்தக் காரின் கூரைச் சீலையில் இருந்த ஓட்டைகளின் கீழே உட்கார்ந்த எங்களுக்கு, மழையைப் பற்றிச் சொல்ல மீட்டர் தேவைப்படவில்லை.

கண்டிக்கு மேலே இருக்கும் அம்பிட்டியவிலிருந்து காலையில் என்னைக் கந்தோர் வேலைக்கும் என் ஒரே மகளைப் பள்ளிக்கூடத்துக்கும் கொண்டுபோய் விட்டது இந்தக் கார்தான். அவளைப் பஸ்ஸில் ஏற்ற எனக்குப் பயம். காரில் ஏற்றவும் பயம்தான். ஆனால் காரில் நானும் கூட இருந்து பயப்படலாம்.

எந்த முள்ளாவது கொஞ்சம் அசைந்தால் கார் நடுத்தெருவில் நின்றுவிடும். நானா இறங்கி, மூடியைத் திறந்து, மூடி, ஏறி, முள்ளைப் பார்த்து, மறுபடி இறங்குவார். நான் போய்ச் சேரும் நேரத்தை வைத்துக் கந்தோரில் எனக்குப் 'பத்தே கால்' என்று பெயர் விழுந்தது. மலையடிவாரம் வந்தால் நானா சரிவு மீட்டரைக் குனிந்து பார்த்து, "ஏத்தம் ஐயா" என்று அறிவிப்பார்.

"அதைத்தான் கண்ணாலை பாக்கிறமே, நானா."

"கண்ணு பொய் சொல்லும் ஐயா. முள்ளு சொல்லாது."

மீட்டர்கள் பெருகி, பலகையின் இடது கோடிவரை போய்விட்டன. அங்கே இருந்த எண்ணெய் முள்ளைத் தம்மால் வாசிக்க முடியவில்லை என்று, ஒன்பது வயதான என் மகளை முன்சீட்டில் பக்கத்தில் இருத்திக்கொண்டார். அவளும் கோயில் மணி அடிப்பவரைப் போல ஒவ்வொரு வளைவிலும் எண்ணைச் சொல்லிக்கொண்டு வருவாள். முன்சீட்டு வேண்டாம் என்று நான் சொன்னதை இருவரும் காதில் வாங்கவில்லை.

இத்தனை மீட்டர் இருந்தும் வேகம் காட்டும் மீட்டர் மட்டும் இல்லை. எனக்குத் தேவைப்பட்டது அது ஒன்றுதான். பின்சீட்டிலிருந்து எட்டி எட்டி, "எத்தினை மைலிலை போறியள்? மெல்ல, மெல்ல" என்று அவருடைய தோளைப் பிடித்துக் கத்துவேன். ஒருநாள் அப்படிப் பிடித்ததில் கார் வாய்க்கால் ஓரம்வரை போய் வந்தது. அடுத்த வாரம் முன்சீட்டின் முதுகில், என் மூக்குக்கு நேரே, தனியாக ஒரு சின்னப் பலகை அடித்து, அதில் பளபளவென்று வேக மீட்டர் ஒன்றைப் பூட்டிவைத்திருந்தார்.

"இனிப் பயப்படாம இரிங்க ஐயா."

கார் புறப்பட்டதும் முள் எழுந்து பதினைந்தில் நின்றது. ஏற்றத்திலும் பதினைந்து, இறக்கத்திலும் பதினைந்து. முள்ளு நானா எவ்வளவு நிதானமான மனிதர் என்று வீட்டில் மனைவியிடம் மெச்சினேன். மாதக்கணக்கில் நான் கத்தவே இல்லை.

பிறகு அந்தக் காலை வந்தது. அம்பிட்டிய இறக்கத்தில் என் தொப்பி பறந்தது. காற்றுக் கூடிய நாள் என்று நினைத்தேன். ஒரு மாட்டு வண்டி எங்களைத் தாண்டிப் பின்னோக்கி வேகமாகப் போனது. மரங்களும் போயின. முள்ளைப் பார்த்தேன். பதினைந்து. நிம்மதியாகச் சாய்ந்தேன். நானா திடீரென்று காரைப் பக்கத்து மண்பாதையின் ஏற்றத்தில் திருப்பினார். அது முனகிக்கொண்டே ஏறி, வைக்கோல் குவியலில் முட்டி நின்றது.

"என்ன, எண்ணெய் முள் இறங்கிப் போச்சோ?" என்று சலிப்போடு கேட்டேன்.

நானாவின் முகத்தில் இரத்தமே இல்லை. "பிரேக் கம்பி அறுந்து போச்சு ஐயா."

அப்போதுதான் பார்த்தேன். கார் அசையாமல் நிற்கிறது. முள்ளோ பதினைந்தில் நிற்கிறது.

முன்னால் எட்டிப் பார்த்தேன். சீட்டுக்கு அடியால் வந்த மெல்லிய கம்பி ஒன்றின் நுனியை என் மகள் இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்திருந்தாள். விரல்கள் வெளுத்திருந்தன.

"விடு மகள். இப்ப விடலாம்" என்றார் நானா, மெதுவாக.

அவள் விட்டாள். முள் பூச்சியத்தில் விழுந்தது.

பெற்ற பிள்ளையையே சேர்த்துக்கொண்டு என்னை ஏமாற்றினீர்களா என்று ஏதேதோ ஏசினேன். மகள்தான் பதில் சொன்னாள்.

"நீங்கள் கத்தினா நானாவுக்கு வளைவு பிடிக்க ஏலாது, அப்பா. அதுதான் இண்டைக்கு விடேல்லை."

நானா நிலத்தைப் பார்த்தபடி சொன்னார். "மத்த மீட்டரெல்லாம் காருக்குப் போட்டது ஐயா. இது மட்டும் ஒங்களுக்குப் போட்டது."

இனி அந்தக் காரில் கால் வைப்பதில்லை என்று சத்தியம் செய்தேன். மூன்று நாள் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே போனேன். வழி நெடுக அவள் கார் வரும் பக்கமே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள். நான்காம் நாள் வாசலில் ஹோர்ன் சத்தம் கேட்டது. புதுப் பிரேக் கம்பியைக் காட்டி, என்னையே இழுத்துப் பார்க்கச் சொன்னார் நானா. ஏறினேன்.

கார் ஓடியது. முள் பூச்சியத்திலேயே கிடந்தது. மகளின் கைகள் மடியில் இருந்தன. முதல் வளைவைப் பொறுத்தேன். இரண்டாவதில் முடியவில்லை.

"பிள்ளை," என்றேன், "அந்தக் கம்பியை ஒருக்காப் பிடி."

முள் எழுந்து பதினைந்தில் நின்றது. நானா திரும்பிப் பார்க்காமலே கியரை இறக்கினார். அன்று டவுன் போய்ச் சேருவதற்குள், ஒரு மாட்டு வண்டி எங்களை முந்திக்கொண்டு போனதை நான் என் கண்ணாலேயே பார்த்தேன்.