பந்தல் போட்ட வெயில் முகாம்

மரக்காணத்து மக்களுக்கு வெயில் போதுமா என்று ஆராய நுண்சத்துத் துறை முடிவு செய்தது.

காரணம் இருந்தது. உடம்பின் காவல்படையே கணையத்தை அடித்து நொறுக்கும் சர்க்கரை நோய் ஒன்று உண்டு. பிள்ளைகளையும் பிடிக்கும். அதற்கும் விட்டமின் டி குறைவுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஓர் ஆராய்ச்சி சொன்னது. சுற்றறிக்கையில் சந்தேகம் அழகல்ல என்று 'இருக்கலாம்' நீக்கப்பட்டது. விட்டமின் குறைந்தால் நோய் உண்டு, குறையாவிட்டால் இல்லை என்று விதியானது.

உப்பளத்தில் உப்பு வாரும் பாஞ்சாலைக்கு விஞ்ஞானம் தெரியாது. மகள் அஸ்வினிக்கு அந்த நோய். தினமும் இன்சுலின் போடவேண்டும். வீட்டில் இருப்பது ராத்திரியோடு தீரும். இது தெரியும்.

மகளைக் கூட்டிக்கொண்டு துறையின் மருத்துவமனைக்கு வந்தாள். வாசலில் பெரிய பந்தல். 'வெயில் முகாம்' என்று பேனர்.

"பந்தல்ல எப்படி சார் வெயில் வரும்?"

"வெளிய போட்டா நாங்க தாங்கமாட்டோம்மா." முகாம் அதிகாரி வெற்றிச்செல்வன் இரண்டு ஃபேனுக்கு நடுவில் வீற்றிருந்தார்.

எல்லாருக்கும் ரத்தம் எடுத்தார்கள். கணக்குக்கு ஒரு தலை குறைந்தது. அதிகாரியே கையை நீட்டினார்.

மத்தியானம் முடிவு வந்தது. உப்பளத்து ஜனத்துக்கெல்லாம், அஸ்வினிக்கும் சேர்த்து, விட்டமின் டி ததும்பியது.

"வாழ்த்துகள்மா! இந்த ஊர்ல அந்த நோய் வரவே வராது. வராத நோய்க்கு மருந்து எதுக்கு? இன்சுலின் ஒதுக்கீடு ரத்து."

"வந்துடுச்சே சார். இதோ நிக்குறாளே எம் பொண்ணு!"

"விதிப்படி நிக்கலை."

"ஊசி போடலைன்னா புள்ள செத்துடும் சார்."

"குறைபாடு இருந்தா உடனே குடுத்துடுவேன். எனக்கென்ன உங்க மேல கோவமா?"

நர்ஸ் அந்தோணியம்மாள் முடிவுகளைப் புரட்டினாள். தொண்டையைச் செருமினாள்.

"ஒருத்தருக்குக் குறைபாடு இருக்குது சார்."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான். ஏசி ரூம், ஏசி கார். விட்டமின் அடிமட்டத்துல கெடக்குது. சுற்றறிக்கைப்படி உங்களுக்குச் சர்க்கரை. மாசாமாசம் இன்சுலின் உங்க பேர்ல வந்துடும்."

"எனக்குச் சர்க்கரையே இல்லைம்மா!"

"விதிப்படி இருக்குது சார்."

சுற்றறிக்கையை மறுத்தால் உத்தியோகம் என்னாவது? கையெழுத்துப் போட்டார். "எனக்கெதுக்கு இந்தக் கருமம்? யாராவது எடுத்துட்டுப் போங்க."

அந்தோணியம்மாள் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். "இந்தா பாஞ்சாலை. சாரோட மருந்து. உன் வீட்ல பத்திரமா வை."

அஸ்வினி இப்போது ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறாள். பாஞ்சாலைக்கு ஒரே பயம்தான். அந்த மனுஷன் உடம்பில் விட்டமின் ஏறிவிட்டால்?

அதனால் வெற்றிச்செல்வன் கார் வந்து நின்றால் போதும். உப்பு வாரும் பலகையைப் போட்டுவிட்டு உப்பளமே குடையோடு ஓடுகிறது. முதல் குடை பாஞ்சாலையுடையது. வெயிலிலேயே கருகியவர்கள் அவர் மேல் ஒரு பொட்டு வெயில் விழவிடுவதில்லை.

"என்னா மரியாதை!" என்று அவர் கண்கலங்குகிறார்.

பக்கத்து ஊரான பெருமுக்கல்லிலும் இப்போது அதிகாரிகளுக்குக் குடை பிடிக்கிறார்களாம். அங்கே யாருக்கும் இன்சுலின் தேவையில்லை. சும்மாதான்.