ஊது சார் கேட்ட ஒரு மணி நேரம்

தொண்ணூறுகளில் செங்கல்பட்டில் வாழ்ந்தும் ஊது சாரின் குழாயில் ஊதாமல் தப்பியவர் எவரும் கிடையாது. பெயர் சொன்னால் வம்பாகும் ஒரு மருத்துவக் கல்லூரியில் அவர் உடலியல் பேராசிரியர். நான் அங்கே அட்டவணை போடும் குமாஸ்தா. மூச்சளக்கும் கருவி எந்நேரமும் அவர் தோளில் தொங்கும். வாட்ச்மேன், டீ மாஸ்டர், பஸ் கண்டக்டர் எல்லோரும் ஊதியாயிற்று. நான் ஊதியதும் முள்ளைப் பார்த்தவர், "உயிரோடதான் இருக்கியாப்பா?" என்றார்.

முதல் வருஷம் நுரையீரல் பாடம், மூன்றாம் வருஷம் நுரையீரல் நோயாளி. நடுவில் பையன்கள் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறார்கள் என்பது அவருடைய தீராத குறை. ஒருநாள் முதல் வருஷத்தாரைக் கல்லூரி பஸ்ஸில் ஏற்றி மாமல்லபுரம் கூட்டிப் போனார். கடல் குளியல் என்று நம்பி அத்தனை பேரும் துண்டோடு வந்திருந்தார்கள். பஸ் நின்றதோ சிற்பப் பட்டறை வாசலில். துணைக்குப் போன நானும் துண்டோடுதான் இறங்கினேன்.

"இன்னா சார், ஊதுன்றே, பலூன் எங்க கீது?" என்றார் ஒரு சிற்பி.

"முதல்ல ஊதுப்பா."

ஊதினார். முள் என்னுடையதைவிடக் குறைவாக நகர்ந்தது.

"இருவது வருசமா உளி புடிச்சிகினு கீறேன் சார். படி ஏறுனாதான் பேஜாரு."

துண்டுக்காரர்கள் நெருங்கி வந்தார்கள். "சார், தூசி உள்ள எங்க போய் உக்காரும்?" என்று ஒருவன் கேட்டான். பாடம் அங்கே ஆரம்பித்தது. நோட்டு இல்லாததால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்கள்.

மறுவாரம் சார் என் மேஜைக்கு வந்தார். "இப்படி ஆள வச்சே பாடம் எடுக்க வாரத்துக்கு ஒரு மணி நேரம் குடுப்பா. நானும் மெடிசின்காரங்களும் சேர்ந்து எடுக்கிறோம். இந்த வருஷத்தோட எனக்கு ரிட்டயர்மென்ட். அட்டவணையில ஏறிட்டா எனக்கப்புறமும் நடக்கும்."

"எந்த டிபார்ட்மென்ட் வருகைப் பதிவேடு சார்?"

"ரெண்டும்."

"ரெண்டுக்கும் சேர்த்துப் பதிவேடே இல்லையே சார்."

எங்கள் அலுவலகத்தில் பதிவேடு இல்லாத வகுப்பு நடக்காத வகுப்பு.

"அரை மணி அவங்களுக்கு, அரை மணி எனக்குன்னு போடேன்."

"பெல் அடிக்கிறவருக்கு அரை மணி தெரியாது சார்."

இந்தப் பதிலை கேன்டீனில் பலமுறை சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். அவரும் சிரித்தார். ஆனாலும் வாராவாரம் வந்தார். நானும் வாராவாரம், "பாக்கலாம் சார்" என்றேன். வருஷம் முடிந்து அவர் போனார். அந்த வகுப்பும் கூடவே போனது.

பத்து வருஷம் கழித்து எனக்குப் படியேறினால் மூச்சு இளைத்தது. பரிசோதித்த டாக்டர், "ஆபீஸ்ல தூசி உண்டா சார்?" என்றார்.

"பழைய பதிவேடுங்கதான்."

"மாமல்லபுரத்துல கத்துக்கிட்ட கேள்வி சார் இது. நீங்ககூட துண்டோட வந்தீங்களே. ஆமா, அந்த கிளாஸ் அப்புறம் ஏன் வரவே இல்ல?"

நான் வாயைத் திறந்தேன். நல்லவேளை, ஸ்டெதாஸ்கோப்பை முதுகில் வைத்து, "பேசாம மூச்ச இழுத்து விடுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து ஒரு தாளை எடுத்தேன். செவ்வாய், மூன்றாம் மணி. ஸ்கேல் வைத்து ஒரு கட்டம் போட்டு, உள்ளே ஊது சார் என்று எழுதினேன். இளைக்கிற என் மூச்சுக்கே அது ஒரே மூச்சில் முடிகிற வேலைதான்.