பம்பரம் சாரும் சுற்றாத சட்டியும்

பம்பரம் சார் கையால் அவமானப்படாத ஃப்ரை பேன் திருவனந்தபுரத்தில் ஒன்றுகூடக் கிடையாது. சாலைக் கடைத்தெருவில் அவர் தலை தெரிந்தால் பாத்திரங்கள் தாமாகவே அலமாரியில் பின்னால் நகர்ந்துகொள்ளும் என்று எங்கள் தெருவில் சொல்வார்கள்.

கோட்டைக்குள் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் மாடியில் தனியாக இருக்கிறார். ஏதோ ஆபீஸில் கணக்குப் பார்த்து ரிட்டயர் ஆனவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவருடைய நிஜப் பெயர் கரண்ட் பில்லில் இருக்கும். மற்ற எல்லோருக்கும் பம்பரம் சார்தான்.

காரணம் இதுதான். எந்தச் சட்டியைக் கொடுத்தாலும் தரையில் வைத்து, கைப்பிடியைப் பிடித்து ஒரு சுண்டு சுண்டுவார். சுற்றினால் அடி புடைத்திருக்கிறது என்று அர்த்தம். புடைத்த அடியில் தீ ஒரே மாதிரி படாது, எண்ணெய் ஓரத்துக்கு ஓடிவிடும். சுற்றாமல் முரண்டு பிடித்து உட்கார்ந்தால் பாஸ். பிறகு கைப்பிடியின் நுனியைப் பிடித்துத் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு சாமி கும்பிடுவதுபோல் நிற்பார். மணிக்கட்டு வலித்தால் அதுவும் தள்ளுபடி.

ஒரு கடைக்காரர் இவரைக் கண்டதும் தரையில் சாக்கை விரித்தார். சாக்கில் எதுவும் சுற்றாதே. மறுவாரத்திலிருந்து சார் துணிப்பையில் சொந்தமாக ஒரு டைல்ஸ் துண்டு கொண்டுபோக ஆரம்பித்தார். “சாரே, இது சட்டியாக்கும். வெளையாட்டுச் சாமான் இல்ல, கேட்டீரா” என்று அந்தக் கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டதாகக் கேள்வி.

கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாப்பில் இன்னும் மோசம். புதுச் சட்டியோடு நின்ற யாரோ ஒரு பெண்மணியிடம் கேட்டு வாங்கி, அங்கேயே பிளாட்பாரத்தில் சுற்றிக் காட்டியிருக்கிறார். அது பிரமாதமாகச் சுற்றியிருக்கிறது. அது சுற்றி முடிவதற்குள் அந்த அம்மாவின் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் வரும்வரை அந்த அம்மா திட்டியதைக் கேட்டுக்கொண்டு நின்ற சார், கடைசியில் சட்டியை மாற்றக் கடைக்குத் துணைக்கு வரட்டுமா என்று கேட்டாராம்.

இப்பேர்ப்பட்டவரிடம் நான் ஏன் போனேன் என்றால், பயம்.

பக்கத்து லேடீஸ் ஹாஸ்டலுக்குக் காலைத் தோசை நான்தான் கொடுக்கிறேன். வீடு ஓடுவது அதில்தான். என் பழைய நான்ஸ்டிக் தோல் உரிய ஆரம்பித்து, ஒரு தோசையில் கறுப்புப் பொட்டு ஒட்டிக்கொண்டு போய்விட்டது. இன்னொரு தரம் கண்டால் வேறு ஆள் பார்ப்பேன் என்று வார்டன் சொல்லிவிட்டார். நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். படித்தவர்களுக்கு ஒரு விஷயத்தில் ஒரு பயம்தான் இருக்கும். எனக்கு போனில் பார்க்கிற வீடியோவுக்கு ஒன்று. நான்ஸ்டிக் என்றால் வியாதி, அலுமினியம் என்றால் மறதி, இரும்பு என்றால் துரு. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு விடியும்வரை முழித்துக் கிடந்தேன்.

காலையில் ஹாஸ்டல் தோசையை முடித்துவிட்டு மாடியேறி விஷயத்தைச் சொன்னதும் சார் என்னைக் கிளப்பிவிட்டார். போகிற வழியில் என் பழைய சட்டியைத் தாமே பழைய சாமான்காரரிடம் கொடுத்தும்விட்டார். பிறகு கடை கடையாக டைல்ஸை வைப்பதும், சுண்டுவதும், சுற்றுவதும். சட்டி சுற்றியதோ இல்லையோ, வெயிலில் எனக்குத் தலை சுற்றியது. எதுவாக இருந்தாலும் வாங்கிவிடுவோம் என்று கெஞ்சினேன். அவசரத்தில் வாங்கின சட்டி ஆயுசுக்கும் உபத்திரவம் என்றார். கால் வீங்கிப்போன சாயங்காலத்தில், கடைசிக் கடையின் மூலையில், கைப்பிடி வைத்த ஓர் இரும்புச் சட்டி அசையாமல் உட்கார்ந்தது. சார் முகத்தில் பெண் பார்த்து முடித்த களை.

புது இரும்பைச் சில நாள் எண்ணெய் தடவிப் பழக்க வேண்டும் என்று எனக்கே தெரியும். தயங்கிக்கொண்டே கேட்டேன். “அடி தட்டையா இருந்தா ஒட்டாதாக்கும். நீ பயப்படாதே, பகவதி” என்றார். பயந்தவளுக்கு இப்படி அடித்துச் சொல்கிற ஒருவர் கிடைத்தால் சொந்த அறிவு எங்கே வேலை செய்யும்?

மறுநாள் காலை முதல் தோசை ஒட்டியது. இரண்டாவது அதைவிட. சுரண்டுகிற சத்தம் மாடிக்குக் கேட்டிருக்க வேண்டும். சார் இறங்கி வந்து அடுப்படி வாசலில் நின்றார். எனக்குக் கோபப்படக்கூடத் தெம்பு இல்லை.

“சார் எப்பவாவது தோசை சுட்டிருக்கியளா?”

சட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“இல்லையே. நேக்கு மூணு வேளையும் ஹோட்டலாக்கும்.”

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஊரிலுள்ள சட்டியையெல்லாம் தள்ளுபடி செய்த மனுஷர் வாழ்நாளில் ஒரு அப்பளம்கூடப் பொரித்ததில்லை. அழுது முடித்து, மாவை மூடி வைத்துவிட்டு, பெரிய பாத்திரத்தில் உப்புமா கிண்டினேன். ஆர்டர் போனது போனதுதான் என்று மனதுக்குள் எழுதிவிட்டேன். தூக்கிக்கொண்டு கிளம்பியபோது சார் பாத்திரத்தின் மறுபக்கக் காதைப் பிடித்துக்கொண்டார்.

வார்டன் மூடியைத் திறந்து உப்புமாவைப் பார்த்து வாயைத் திறப்பதற்குள், “குத்தம் என்னோடதாக்கும்” என்று சார் ஆரம்பித்தார். அடி தட்டையாக இருப்பது, கனம், கைப்பிடி, அதன் ஆணி, அவர் கண்ட அத்தனை சட்டிகளின் குறைகள். பிள்ளைகள் உப்புமாவைத் தின்று காலேஜுக்கும் போய்விட்டார்கள். அவர் நிறுத்தவில்லை. பையிலிருந்து டைல்ஸை வெளியே எடுத்தபோது வார்டன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“மதி, போதும். நாளைக்கும் உப்புமா போதும். தோசை எப்ப ஒழுங்கா வருதோ அப்ப கொண்டு வா. இவரெ மட்டும் கூட்டிட்டு வர வேண்டா.”

அந்த வாரம் முழுக்கக் காலையில் சார் அடுப்படிக்கு வந்தார். பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தி, எண்ணெயில் தோய்த்து, சட்டியை விடாமல் தேய்த்தார். வேண்டாம் என்றால் கேட்டால்தானே. ஒட்டிக் கிழிந்து வருகிற முதல் தோசையைத் தாமே தின்றார். நல்லதை எடுத்து வைத்தால் தட்டைத் தள்ளிவிடுவார். முழுசு உப்புமாவோடு ஹாஸ்டலுக்கு, பிஞ்சது தமக்கு. அதுதான் தண்டனையாம்.

சட்டி பழகிவிட்டது. தோசை ஆர்டர் திரும்பி வந்து மாதங்கள் ஆகின்றன. சார் காலையில் ஹோட்டலுக்குப் போவதை நிறுத்திவிட்டு, இங்கேதான் உட்காருகிறார். இப்போது முதல் தோசையும் கிழிவதில்லை. அவர் படியிறங்கும் சத்தம் கேட்டதும் ஒன்றை நானே பிய்த்து வைத்துவிடுகிறேன்.