செக்போஸ்ட்டும் சோதனைக்கு வந்த ஆடுகளும்

காற்புள்ளிக்காக ஓர் ஆபீஸ் முழுவதையும் மூன்று நாள் முடக்கிப் போட்டவர் தமிழ்நாட்டில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் அருப்புக்கோட்டையில் என்னோடு வேலை பார்த்தார். எல்லோரும் அவரைச் செக்போஸ்ட் என்போம். வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருந்தது. அதை வாசித்துக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

உரக்கடை மாடியில் எங்கள் சாப்ட்வேர் ஆபீஸ். ஏழு பேர், ஆறு மின்விசிறி. நரிக்குடி, பரளச்சிப் பக்கம் ஆடு வளர்ப்பவர்களுக்குத் தடுப்பூசி நாளைச் செல்போனில் ஞாபகப்படுத்தும் வேலையை ஒரு தொண்டு நிறுவனம் எங்களுக்குக் கொடுத்திருந்தது. ஏழு பேரும் ஏழு விதமாக எழுதினோம். ஒருவர் எழுதியது அடுத்தவருக்குப் புரியாது. சில நாள் கழித்து எழுதியவருக்கே புரியாது. முதலாளி ஒருநாள் பொறுமை இழந்து செக்போஸ்ட்டைக் கூப்பிட்டு, "கொக்கி ஒண்ணு மாட்டுங்க" என்றார்.

கொக்கி என்றால் ஒரு சின்ன புரோகிராம். எழுதி முடித்ததைப் பதிவு செய்வதற்கு எங்கள் தொழிலில் கமிட் என்று பெயர். கமிட் கொடுத்ததும் இந்தக் கொக்கி தானாக ஓடி, வரி வரியாகப் பார்க்கும். பிழை இருந்தால் பதிவு செய்யாமல் திருப்பி அனுப்பிவிடும். என்னென்ன பிழை, எவ்வளவு கண்டிப்பு என்பதையெல்லாம் ஒரு கோப்பில் எழுதி வைக்க வேண்டும். வேறு யாராக இருந்தாலும் அரை நாளில் முடித்திருப்பார்கள். செக்போஸ்ட் இரண்டு வாரம் எடுத்துக்கொண்டார்.

பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி ஒவ்வொரு மேசையாக வந்து விசாரித்தார். "தம்பி, வரி ஆரம்பத்துல எத்தன இடம் விடுவீக? நாலா, ரெண்டா?" இதில் ஆபீஸ் இரண்டாகப் பிரிந்தது. 'நாலு' கட்சி தனியாகச் சாப்பிட்டது, 'ரெண்டு' கட்சி தனியாகச் சாப்பிட்டது. கடைசியில் நாலு ஜெயித்தது. 'ரெண்டு' கட்சித் தலைவர் ஒரு வாரம் செக்போஸ்ட்டிடம் பேசவில்லை. அவர் அதைக் கவனிக்கவும் இல்லை.

கொக்கி மாட்டிய முதல் நாள் நான் கமிட் கொடுத்தேன். பிழைப் பட்டியல் திரையில் ஓட ஆரம்பித்தது. கீழே போய் டீ குடித்துவிட்டு வந்தேன். இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பாதிக்கு மேல் காற்புள்ளி. இதைத் தானாகவே திருத்திவிடும் வசதி கொக்கியில் உண்டு. செக்போஸ்ட் அதை அடைத்து வைத்திருந்தார்.

"ஏண்ணே?"

"தப்புப் பண்ணுன கைதான் திருத்தணும். அப்பத்தான் கைக்கு ஞாபகம் இருக்கும்."

அந்த மூன்று நாள் அப்படித்தான் போயிற்று.

கொக்கியை அவர் 'அது' என்று சொல்லி நான் கேட்டதில்லை. 'அவுக' என்றுதான் சொல்வார். இங்கிலீஷில் வந்த பிழைச் செய்திகளை எடுத்துவிட்டுத் தானே தமிழில் எழுதி வைத்திருந்தார். புரோகிராமுக்குள் கணக்கு வைக்கும் ஒரு மாறிக்கு 'அஅ' என்று பெயர் வைத்தால், 'தம்பி, பெத்த பிள்ளைக்கு இப்படித்தான் பேர் வைப்பீகளா? பதினோராம் வரி. பாத்துட்டு வாங்க' என்று வரும். யாருடையதாவது மாட்டிக்கொண்டால் இடத்தை விட்டு எழுந்து வந்து, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, திருத்தி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். வாய் திறக்க மாட்டார். ஏசினால்கூடப் பரவாயில்லை போலிருக்கும்.

முதலாளியின் கமிட்டும் ஒருநாள் திரும்பி வந்தது. அவர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கோபம் வந்தால் ஆபீஸிலும் தெலுங்குதான். ஐந்து நிமிடம் தெலுங்கில் பேசினார். செக்போஸ்ட் முழுவதும் கேட்டுவிட்டு, "அவுக ஒத்துக்கிட மாட்டேங்கிறாகளே சார், நான் என்ன செய்ய" என்றார். முதலாளி உட்கார்ந்து திருத்தினார்.

அந்தக் கொக்கியை மீற ஒரு வழி இருந்தது. கமிட்டோடு ஒரு சொல் சேர்த்துக் கொடுத்தால் கொக்கி ஓடாது. இது எல்லோருக்கும் தெரியும், யாரும் செய்ததில்லை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நான் செய்தேன். திருச்சுழிக்கு நாலு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். கமிட் திரும்பி வந்தது. முதலில் இருந்த குறை, வரி நீளமாக இருக்கிறது என்பது. இரண்டாவது குறையை நான் படிக்கவில்லை. அந்தச் சொல்லைச் சேர்த்து அனுப்பிவிட்டு ஓடினேன்.

திங்கள்கிழமை காலை ஆபீஸ் படிக்கட்டில் இரண்டு ஆடுகள் நின்றன. பின்னால் துண்டு கட்டிய ஒருவர்.

"சோதனை எங்கய்யா நடக்குது?"

"என்ன சோதனை?"

"நீங்கதான மெசேஜ் போட்டீக. பரளச்சிலருந்து லோடு ஆட்டோ புடிச்சு வாரேன்."

போனை வாங்கிப் பார்த்தேன். 'சோதனை. உங்கள் ஆட்டுக்குத் திங்கள் காலை தடுப்பூசி. இடம்:' என்று போட்டு, எங்கள் ஆபீஸ் முகவரி. பரிசோதிக்க நான் எழுதி, எடுக்க மறந்த வரி. படிக்காமல் விட்ட இரண்டாவது குறை இதுதான். நான் எழுதிய 'சோதனை' எங்கள் ஆபீஸுக்கு ஓர் அர்த்தம், ஆடு வைத்திருப்பவர்களுக்கு வேறு அர்த்தம். சனிக்கிழமை பதிவானது ஞாயிறன்று தானாக ஓடி, செய்தி எல்லோருக்கும் போயிருந்தது.

பத்து மணிக்குள் முப்பது ஆடாவது வந்துவிட்டது. ஒன்று மாடிக்கே ஏறி வந்து இணைய ஒயரைக் கடித்தது. உரக்கடைக்காரர் கீழிருந்து கத்தினார். செக்போஸ்ட் ஒரு போனை வாங்கிச் செய்தியைப் படித்தார். "எழுத்துப்பிழை இல்ல" என்றார். பிறகு தனக்குத் தெரிந்த கால்நடை மருத்துவரைப் போனில் பிடித்தார். அவர் பதினோரு மணிக்கு மருந்துப் பெட்டியோடு வந்தார். அதற்குள் செக்போஸ்ட் ஆடுகளைக் கடையோரமாக வரிசையில் நிறுத்தியிருந்தார்.

"காதுல நம்பர் இல்ல. இத விட முடியாது."

"நம்பர் அறுந்து போச்சுங்க."

"எழுதி மாட்டிட்டுக் கடைசியில வாங்க."

மருத்துவரே விடச் சொன்னார். செக்போஸ்ட் விடவில்லை. ஒரு மணிக்கு எல்லா ஆட்டுக்கும் ஊசி போட்டாகிவிட்டது. வந்தவர்கள் நன்றி சொல்லிப் போனார்கள். ஆனால் தொண்டு நிறுவனத்துக்கு விஷயம் தெரிந்து, வேலையையே பறித்துக்கொள்வோம் என்று முதலாளியிடம் பேசியிருந்தார்கள். முதலாளி எங்கள் ஏழு பேரையும் நிற்க வைத்துவிட்டார்.

"யாரு பண்ணுனது?"

செக்போஸ்ட் ஓரடி முன்னால் வந்தார்.

"ஒரு மிஷினுல கொக்கி மாட்ட மறந்துட்டேன் சார். என் தப்புதான்."

முதலாளி அன்று தமிழிலேயே திட்டினார், ஒரு வார்த்தை விடாமல் எல்லோருக்கும் புரியட்டும் என்று. ஒரு கமாவுக்கு எங்களை அழ வைத்தீர்களே, உங்கள் வேலையை ஒழுங்காகப் பார்த்தீர்களா என்று கேட்டார். செக்போஸ்ட் தலையைக் குனிந்து நின்றார். அவர் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை. சாயங்காலம் முதலாளியே போய்ப் பேசி, ஊசி போட்ட கணக்கைக் காட்டி, வேலையைத் தக்கவைத்துக்கொண்டு வந்தார்.

செக்போஸ்ட் கிளம்பும்போது பின்னாலேயே படியிறங்கினேன்.

"அண்ணே, கொக்கி இருந்துச்சு. நான்தான் மீறிட்டேன்."

"தெரியும். நீங்க எழுதுனத என் மிஷினுல ஓட்டிப் பாத்தேன். அவுக ரெண்டாவதா சொல்லித்தான் இருக்காக."

"அப்புறம் ஏண்ணே அப்படிச் சொன்னீக?"

"நாலு மணிய விட்டா திருச்சுழிக்கு அடுத்த பஸ்ஸு அஞ்சரைக்குத்தான்" என்று சொல்லிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு நடந்தார்.

முதலாளியிடம் போய் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு வாரம் நினைத்தேன். சொல்லவில்லை. கொக்கியை மீறவும் இல்லை.

ஒரு வருடம் கழித்து எனக்கு மதுரையில் வேலை கிடைத்தது. அருப்புக்கோட்டையில் இருந்த கடைசி மாதம் என் கமிட்டுகள் அடிக்கடி திரும்பி வந்தன. பாதிப் பிழையை நான் தெரிந்தேதான் போட்டேன். போட்டால்தான் அவர் எழுந்து வந்து பக்கத்தில் உட்காருவார்.