ஆளுக்கு இரண்டு பூனை

"மனுஷ ஜாதி தோன்றின நாள்லேர்ந்து ஜெயிலுக்குப் போன அத்தனை பேரும் பண்ண தப்பு ஒண்ணே ஒண்ணுதான்டா. வாயத் திறந்தது."

இதைச் சொன்னபோது வக்கீலின் முகத்தில் சிரிப்பு இல்லை. எதிரே இருந்த கணினித் திரையில் ஒரு ஃபைலும் இல்லை.

வக்கீல் உண்மையில் வக்கீல் அல்ல. முதலாம் ஆண்டு மாணவன். 'குற்றவியல் நீதி: ஓர் அறிமுகம்' பாடத்தில் மூன்று வகுப்பு முடிந்ததுமே நடையை மாற்றிக்கொண்டு, கேன்டீனில் இலவச சட்ட ஆலோசனை வழங்க ஆரம்பித்ததால் வந்த பட்டம் அது. 'கணினித் திறன்: ஓர் அறிமுகம்' என்ற இன்னொரு பாடமும் அவனுக்குக் கட்டாயம். அந்த வகுப்பில் அவன் கட்டாயமாகத் தூங்குவான். "மௌஸ் புடிக்கறதுக்கெல்லாம் ஒரு மேடமா?" என்பது அவன் தீர்ப்பு.

"சரி, வாய மூடிக்கிட்டு இத எப்படித் திரும்பக் கொண்டு வரப் போற?" என்றான் பக்கத்தில் இருந்த நெட்டை.

வகுப்பு மொத்தமும் தட்டச்சு செய்த சுயவிவரங்கள், ஆய்வகத்தின் பொது ஃபோல்டரில் அவரவர் பெயரில் இருந்தன. நாளை மேடம் மார்க் போடுவார். வக்கீல் தன்னுடையதைக் கடைசி நிமிஷத்தில் ஏற்றினான். போட்டோ தலைகீழாக ஒட்டியிருந்ததால் அந்த ஒரு ஃபைலை மட்டும் அழிக்கப் போனான். கை கொஞ்சம் தாராளமாகி எல்லாவற்றையும் அழித்துவிட்டது.

"ரீசைக்கிள் பின்ல இருக்கும், பாரு," என்றான் வக்கீல்.

"பொது ஃபோல்டர்ல அழிச்சா அங்க வராதுடா, நேரா மேல போயிரும். போன வாரம் பூரா மேடம் அதத்தான சொன்னாங்க."

"போன வாரம் நான் தூங்கிட்டிருந்தேன்."

"தெரியும். என் தோள்லதான்."

வக்கீலின் அப்பாவுக்கு டயர் கடை. "ஒரு பேப்பர் போச்சுன்னாலும் மறுநாள் காலையில நீ டயர் கடையில இருக்கணும்" என்று அப்பா தெளிவாகச் சொல்லியிருந்தார். கறுப்புக் கோட்டு போடும் கனவோடு இருந்தவன், வாழ்நாள் முழுக்க டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்க்க வேண்டியதுதான்.

"உன்னோடது பென் டிரைவ்ல இருக்குல்ல? குடு."

"எதுக்கு?"

"அதையே காப்பி பண்ணி எல்லார் பேர்லயும் போட்டுருவோம்."

வக்கீல் அதைத் திறந்து வாய்விட்டுப் படித்தான். "எனக்குப் பெற்றோர் இரண்டு பேர். இரண்டு பூனைகள். இருட்டு என்றால் பயம். செவிலியர் ஆவதே என் லட்சியம்..."

"டேய், மெதுவாடா!" கல்லூரிக் கூடைப்பந்து அணியின் தலைவனான நெட்டை காதுவரை சிவந்தான்.

சிறிது நேரத்தில் வகுப்பில் ஒருவர் பாக்கியில்லாமல் இருட்டுக்குப் பயப்பட்டார்கள். எல்லோரும் பூனை வளர்த்தார்கள்.

"மேடம் ரெண்டாவது ஃபைலைத் திறந்ததுமே கண்டுபிடிச்சிருவாங்க," என்றான் நெட்டை.

"எழுத்துக்குக் கலர் போடுவோம்."

போட்டார்கள். இப்போது அதே பூனைகள் சிவப்பிலும் பச்சையிலும் வந்தன. அழகாக இருந்தது, எதையும் மறைக்கத்தான் முடியவில்லை.

"எண்ணிக்கைய மாத்துவோம்டா. 'இரண்டு'ங்கற இடத்துல எல்லாம் 'ஐந்து'ன்னு வர்ற மாதிரி ஒரே அமுக்குல பண்ணலாமே?"

"பண்ணலாம். அதுவும் நீ தூங்கினப்ப சொன்னதுதான்."

பாதிப் பேருக்கு அமுக்கி முடித்த பிறகுதான் நெட்டை திரையை உற்றுப் பார்த்தான்.

"வக்கீலு... இவங்களுக்கெல்லாம் பெற்றோரும் அஞ்சு பேரு ஆயிருச்சுடா."

திருத்துவதற்குள் ஆய்வகத்தைப் பூட்டும் மணி அடித்தது. உதவியாளர் சாவியை ஆட்டிக்கொண்டு வந்தார். "கெளம்புங்கப்பா, கெளம்புங்க!"

வெளியே வந்ததும் வக்கீல் கைகளை விரித்தான். "யார் பண்ணதுன்னு எவனுக்குத் தெரியும்? சாட்சி உண்டா? கெடையாது. கேள்வி கேக்கறதுக்கு முன்னாடியே உளறிக் கொட்டறான் பாரு, அவனெல்லாம் ஒரு குற்றவாளியா? அசிங்கம்!"

மறுநாள் முதல் மணிக்கே உதவியாளர் வகுப்பு வாசலில் தலையை நீட்டினார். "தம்பி, வக்கீலு! உன்ன நீதி சார் ரூமுக்கு வரச் சொன்னாரு."

நீதி சார் என்றால் குற்றவியல் நீதிப் பாடம் நடத்துகிறவர். வக்கீல் எழுந்தான்.

"வாயத் திறந்துராதடா," என்றான் நெட்டை.

"யாருகிட்ட சொல்ற?"

அறையில் சார் தனியாக இருந்தார். கைக்குட்டையைக் கன்னத்தில் அழுத்திப் பிடித்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன. வக்கீலை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

வக்கீலும் பேசவில்லை. மின்விசிறி மட்டும் பேசியது. தேர்ந்த விசாரணை அதிகாரி மௌனத்தாலேயே ஆளைக் கரைத்துவிடுவார் என்று இதே சார் வகுப்பில் சொன்னது ஞாபகம் வந்து தொலைத்தது.

"சார்... எதுக்குக் கூப்பிட்டீங்கன்னு..."

"ம்ம்ம்," என்றார் சார். வேதனை நிறைந்த 'ம்ம்ம்'. எல்லாம் தெரிந்தவரின் 'ம்ம்ம்'.

"நெட்டை சும்மா கூட இருந்தான், அவ்வளவுதான் சார். பூனை மட்டும்தான் அவனோடது."

சாரின் புருவம் உயர்ந்தது.

"சத்தியமா சார், ஒரு ஃபைலைத்தான் அழிக்கப் போனேன். கை தவறிருச்சு. கலர் போட்டது என் ஐடியாதான். ஆனா அஞ்சு பெற்றோர் வேணும்னு பண்ணதில்ல சார்! எங்கப்பாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க, டயர் கடைக்கு அனுப்பிருவாரு!"

சார் திகைத்துப்போய் ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் தன் பக்கம் இழுத்தார்.

"வேணாம் சார், நானே எழுதிடறேன்," என்று வக்கீல் அவற்றைப் பணிவுடன் வாங்கிக்கொண்டான். நடந்ததை வரிசையாக எழுதினான். கீழே கையெழுத்துப் போட்டான். மேஜையில் முத்திரை மைப்பெட்டி திறந்திருந்தது. யாரும் கேட்காமலே, சத்தம் காட்டாமல், இடது கட்டைவிரலையும் அதில் ஒற்றிப் பக்கத்தில் பதித்தான்.

ஐஸ் கட்டிகள் போட்ட கிண்ணத்தோடு உதவியாளர் உள்ளே வந்தார்.

"இன்னுமா இங்க நிக்கற? சாருக்கு நேத்து ராத்திரி கடவாப் பல்லு புடுங்கியிருக்குப்பா, வாயத் திறக்க முடியாது, அதான் இன்னைக்குக் கிளாஸ் இல்லன்னு போர்டுல எழுதிப்போட உன்னக் கூப்பிடச் சொல்லி எழுதிக் காட்டினாரு!"