நம் மைதானத்துக்குக் கிடைத்த கையெழுத்து

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

கல்லூரி மைதானத்தின் பராமரிப்பாளனும் தங்கள் தங்கையின் கணவனுமாகிய நான் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான், உங்கள் தங்கை, உங்கள் மருமகள், மைதானத்துப் புல் எல்லோரும் சுகம். தங்கள் முழங்கால் வலி இந்நேரம் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

போன வருஷம் நம் மைதானம் லாயக்கில்லை என்று கால்பந்துச் சங்கத்தார் முத்திரை குத்திவிட்டதால், நம் பெண்கள் கால்பந்து அணி ஒன்பது ஆட்டத்தையும் வெளியூரிலேயே ஆடி, ஒன்பதிலும் தோற்றது உங்களுக்குத் தெரிந்ததுதான். பஸ்ஸில் குலுங்கிப் போய் இறங்கினதும் ஓடு என்றால் எந்தப் பிள்ளை ஓடும்? இந்த வருஷமும் அனுமதி கிடைக்காவிட்டால் அணியையே கலைத்துவிடுவதாகக் கல்லூரி முதல்வர் சொல்லிவிட்டார். அணித்தலைவியோ நம் வீட்டுப் பெண். ஆகவே ஆறு மாதம் நான் அந்தப் புல்லோடுதான் குடித்தனம் நடத்தினேன். உங்கள் தங்கை இதை வேறு மாதிரி சொல்லியிருப்பாள், நம்ப வேண்டாம்.

போன புதன்கிழமை காலை சங்கத்து ஆய்வாளர் வந்தார். ஒல்லியான மனிதர், கையில் அளவு நாடா, சிரித்துப் பழக்கமில்லாத முகம். வந்ததும் கேலரியில் உட்கார்ந்தார். "சார், பெயின்ட் காயலைங்க" என்று நான் வாயைத் திறப்பதற்குள் உட்கார்ந்தாயிற்று. பின்பக்கம் நாலு பச்சைக் கோட்டோடு எழுந்து போய்க் கோல் கம்பத்தை அளந்தார், சரியாக இருந்தது. நடு வட்டத்தில் நின்றுகொண்டு, "தண்ணி வசதியெல்லாம் எப்படி?" என்று கேட்டார். கேட்டாரே ஒரு நல்ல கேள்வி என்று நான் ஓடிப்போய்க் குழாயைத் திறந்தேன் பாருங்கள், நாலு மூலைத் தெளிப்பானும் சொல்லி வைத்தாற்போல அவரையே குறி பார்த்தன. "போதும்யா, நிறுத்துய்யா!" என்று அவர் கத்துகிறார், திருகு கழன்று என் கையோடு வந்துவிட்டது, நான் அதைத் தூக்கிக் காட்டுகிறேன், அவர் அதைப் பார்க்கிற நிலையில் இல்லை.

மாற்றிக்கொள்ள அறையில் இருந்தது கோல்கீப்பரின் மஞ்சள் உடுப்பு ஒன்றுதான். வேறு வழியில்லாமல் போட்டுக்கொண்டு, வலையையாவது பார்த்துவிட்டுப் போகலாம் என்று கோலுக்குள் போய் நின்றார். அந்த நேரம் பார்த்துப் பயிற்சிக்கு வந்த உங்கள் மருமகள், "புது கோல்கீப்பர் வந்தாச்சுடி!" என்று இடது காலால் ஒரு உதை விட்டாள். "ஐயோ, அது ஆபீசரும்மா!" என்று நான் அலறினேன். பந்து என் பேச்சைக் கேட்குமா?

மச்சான், அந்த மனுஷன் பாய்ந்தார். பக்கவாட்டில் அப்படியே பாய்ந்து, பந்தைப் பிடித்து, புல்லில் புரண்டு எழுந்தார். என் வேலை போச்சு, அணியும் போச்சு என்று நான் நிற்கிறேன்.

"இன்னொண்ணு அடிம்மா" என்றார்.

ஒன்பது அடித்தாள். இரண்டைப் பிடித்தார். அப்புறம் மூச்சு வாங்க உட்கார்ந்து, "காலேஜ்ல மூணு வருஷம் டீம்ல இருந்தேன். ஒரு மேட்ச்சுக்குக்கூட இறக்கி விடலை" என்றார். உள்ளங்கையால் தரையைத் தடவிப் பார்த்தார். "விழுந்தா வலிக்கவே இல்லையே. யார் வளர்த்த புல்லு இது?"

"எங்கப்பா" என்றாள் உங்கள் மருமகள்.

அந்த ஒரு வார்த்தைக்கப்புறம் என்னால அங்க நிக்க முடியல மச்சான். குழாயைப் பாக்குற மாதிரி போய்க் கொஞ்ச நேரம் முகத்தைக் கழுவிட்டு வந்தேன். ஆய்வாளர் ஈரக் கையாலேயே அனுமதிக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

இனி என்ன, சொந்த மண்ணில் நம் பிள்ளைகளை எவரால் அசைக்க முடியும்? கோப்பை நமக்குத்தான், வேண்டுமானால் எழுதித் தருகிறேன். அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை சீசன் ஆரம்பம். கேலரியில் நிழல் விழும் இடம் உங்களுக்கு. அக்காவுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
பெருமையில் தலைகால் புரியாத
தங்கள் மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டும்போது சங்கத்து உத்தரவு வந்தது. புல் அபாரமாக இருப்பதால் இதைப் பொது மைதானமாக்கி, மற்ற அணிகளின் ஆட்டங்களையெல்லாம் இங்கேயே வைக்கிறார்களாம். பொது மைதானத்தில் உள்ளூர் அணி ஆடினால் ஓரவஞ்சனையாம். நம் பிள்ளைகளுக்கு ஒன்பதும் வெளியூர். நீங்கள் சனிக்கிழமை கட்டாயம் வந்துவிடுங்கள். ஆடுகிறவர்கள் யாரென்று நமக்குத் தெரியாது. புல்லைப் பார்க்கலாம்.