கடை வைஃபையில் ஒரு கல்யாணம்

கௌரவம் பிடித்தவளைத் தேடி வரும் கெட்ட நேரம் கதவைக்கூடத் தட்டாது. எனக்கு அது தம்பி மகள் கல்யாணத்தன்று வந்தது.

கல்யாணம் திருநெல்வேலியில். முட்டி ஆபரேஷன் ஆனதால் நான் டெல்லியில், ஜனக்புரி வீட்டில். தாலி கட்டுவதை வீடியோ காலில் காட்டுவதாகத் தம்பி சொல்லியிருந்தான். தூக்கி வளர்த்த அத்தையாயிற்றே, தாலி ஏறும்வரை பல்லில் பச்சைத் தண்ணீர் படக்கூடாதென்று விரதம் வேறு.

"போனுக்கு நெட் போடட்டுமாம்மா?" என்று மகன் முன்பே கேட்டான்.

"வீட்டு வைஃபை போதும். நான் என்ன ஊரா சுத்தப் போறேன்?" என்றேன். (வாய்க்கொழுப்பு.)

முகூர்த்தத்துக்கு அரைமணி இருக்கையில் கரண்ட் போனது. வைஃபையும் போனது. மகன் திருநெல்வேலியில், எனக்குத் துணைக்கு இருந்த மருமகள் ஆபீஸில். பட்டுப்புடவையும் கைக்குட்டையில் முடிந்த அட்சதையுமாக, தேர் மாதிரி அசைந்து, ஜெனரேட்டர் ஓடும் மார்க்கெட் காபிக்கடைக்குப் போய் வைஃபை கேட்டேன்.

"ஆன்ட்டிஜி, ஏதாவது வாங்கணும். பாஸ்வேர்ட் பில்லுலதான் வரும்," என்றாள் கல்லாவில் இருந்த பெண், இந்தியில்.

"எங்க வீட்டுக்கு யார் வந்தாலும் காபி கொடுத்துட்டுதான் பேச்சே. காசா கேக்குறேன்?" (என் இந்தி சண்டைக்கு மட்டும் சரளமாக வரும்.)

"அது வீடு ஆன்ட்டிஜி. இது கடை."

குரலை இறக்கினேன். பிறகு விரதத்தைச் சொன்னேன். அவள் பன் தட்டைப் பார்த்தாள். "அச்சா, இங்க சாப்பிட வேண்டாம். ஒரு பன் பேக் பண்ணித் தரேன், வீட்டுக்குக் கொண்டு போங்க."

சட்டமும் பிழைத்தது, விரதமும் பிழைத்தது. என்ன மூளை! பில்லில் இருந்த இங்கிலீஷ் பாஸ்வேர்டை எனக்குப் படிக்க வராது. அவளே போனில் தட்டிக் கொடுத்தாள்.

"எக்கா, தெரியுதா?" என்றான் தம்பி, திரையில்.

"தெரியுதுலே! ஒழுங்கா நேராப் பிடி!"

கெட்டிமேளம் கடையையே அதிர வைத்தது. என் கை என்னைக் கேட்கவில்லை. எழுந்து நின்று, "நல்லா இருங்க மக்கா!" என்று அட்சதையை அள்ளி மணமக்கள்மேல் வீசினேன். மணமக்கள் திருநெல்வேலியில். அட்சதை விழுந்தது எதிர் மேசைக்காரரின் காபியில், லேப்டாப்பில், தாடியில்.

"இதென்ன கல்யாண மண்டபமா? இந்தம்மாவை வெளியே அனுப்பு!" என்று அவர் குதித்தார்.

மூன்றாவது முடிச்சு இன்னும் பாக்கி. வெளியே போனால் வைஃபை அறுந்துவிடும். போனை இறுக்கிப் பிடித்தபடி நின்றேன்.

அந்தப் பெண் வந்தாள். "சார், நீங்களும் பில் போட்டிருக்கீங்க, அவங்களும் போட்டிருக்காங்க. உங்களுக்கு வேற காபி தரேன்." என்னிடம் திரும்பினாள். "நீங்க பாருங்க ஆன்ட்டிஜி. முடிஞ்சதும் பெருக்கிடுங்க."

அடடா, என்ன நியாயம்! ஓசியில் உட்கார்ந்திருந்தால் எந்த முகத்தோடு நிற்பேன்? ஒரு பன் எனக்கு அந்த நாற்காலியை உரிமையாக்கியது. வாங்கினால்தான் வைஃபை என்கிற கடைக்காரர்களைப் பற்றி இனி யாரும் என்னிடம் குறை சொல்ல வேண்டாம்.

மூன்று முடிச்சையும் கண்ணாரப் பார்த்தேன். பிறகு பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பெருக்கினேன். தாடிக்காரர் காலைத் தூக்கி வழிவிட்டார்.

தம்பி போனை அணைக்கவே இல்லையாம். அத்தை துடைப்பத்தோடு நின்ற காட்சியைக் கல்யாண வீடே பார்த்திருக்கிறது. இப்போதும் எங்கள் வீட்டில் வீடியோ கால் வந்தால், மருமகள் முதலில் காபித் தம்ளரைக் கையால் மூடுகிறாள். அப்புறம்தான் போனை என்னிடம் தருகிறாள்.